ஜான் மன்னர் கையெழுத்துப் போடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழில் இங்கிலாந்து மன்னர் ஜானைப் பற்றிய முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தோம். எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு மன்னருக்குத் தமிழ் நாளிதழ் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதில் மகிழ்ச்சி. ஆனால் கட்டுரையின் முதல் வரியே, 1215 ஜூன் 15 அன்று ஜான் மன்னர் மாக்னா கார்ட்டா என்னும் சாசனத்தில் கையெழுத்திட்டு மக்களுக்கு உரிமைகளை வழங்கினார் என்கிறது. பக்கத்திலேயே இறகுப் பேனாவும் கையுமாக மன்னர் உட்கார்ந்திருக்கும் ஓவியம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இந்த வரியைத்தான் கத்தரித்து ஒட்டி வைத்துக்கொள்வார்கள். நம் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளை இந்தியாவின் மகாசாசனம் என்று சொல்லிக்கொடுக்கிறோம். அந்தப் பெயருக்கு மூலமான சாசனம் எப்படிப் பிறந்தது என்பதையாவது சரியாகச் சொல்ல வேண்டாமா?

முதலில் கையெழுத்து. ஜான் எதிலும் கையெழுத்திடவில்லை. எழுதத் தெரியாததால் அல்ல; அந்தக் காலத்தில் மன்னரின் ஆணையைச் செல்லுபடியாக்கியது முத்திரை. இங்கிலாந்து மன்னர் ஒருவர் தம் கைப்பட எழுதியதாக நமக்கு எஞ்சியிருப்பதில் மிகப் பழையது மூன்றாம் எட்வர்டின் எழுத்து. அது ஜான் இறந்து நூறாண்டுக்கும் மேல் கழித்து வந்தது.

முத்திரையிடும் வேலை எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்டால் அந்த ஓவியம் ஏன் பொருந்தாது என்பது விளங்கும். எழுத்தர் பதப்படுத்திய ஆட்டுத்தோலில் லத்தீனில் எழுதி முடிப்பார். தோலின் அடி விளிம்பை மேல்நோக்கி மடிப்பார்கள். மடித்த இடம் இரட்டைத் தோலாகிவிடுவதால் முத்திரையின் கனத்தைத் தாங்கும். மடிக்காமல் ஒற்றைத் தோலில் துளையிட்டால் நாளடைவில் கிழிந்து முத்திரை தனியே போய்விடும். மடிப்பில் துளையிட்டுக் கயிற்றையோ தோல்வாரையோ கோத்து, இரண்டு நுனியையும் கீழே தொங்கவிடுவார்கள். தேன்மெழுகில் பிசின் கலந்த வட்டை இளக்கி, அந்த நுனிகள் மெழுகின் நடுவே அகப்படும்படி வைத்து, மேலும் கீழுமாக இரண்டு உலோக அச்சுகளை வைத்து அழுத்துவார்கள். ஒரு பக்கம் அரியணையில் வாளேந்தி அமர்ந்த மன்னர் பதிவார், மறுபக்கம் குதிரைமேல் போர்க்கோலத்தில் இருக்கும் மன்னர். மெழுகு இறுகியிருந்தால் உருவம் துலங்காது; அதிகம் இளகியிருந்தால் கயிறு பிடிபடாமல் நழுவும். பழகிய கை செய்ய வேண்டிய வேலை இது. அரசுச் செயலகத்தில் இதற்கென்றே ஆள் இருந்தார். மன்னரின் விரல் மெழுகில் பட வேண்டிய தேவையே இல்லை.

குழப்பத்துக்கு ஒரு காரணம் சாசனத்தின் கடைசி வரியில் இருக்கிறது. வின்ட்சருக்கும் ஸ்டேன்ஸுக்கும் இடையே ரன்னிமீட் என்னும் புல்வெளியில், நம் ஆட்சியின் பதினேழாம் ஆண்டு ஜூன் மாதம் பதினைந்தாம் நாள், ‘நம் கையால் அளிக்கப்பட்டது’ என்று அது முடியும். அது செயலகத்தின் வழக்கமான வாய்பாடு. ஆணை மன்னரின் அதிகாரத்தில் வெளியானது என்பதே அதன் பொருள்.

ரன்னிமீட்டில் முத்திரையிட்ட ‘அசல்’ என்று ஒற்றை ஏடும் கிடையாது. மன்னரும் அவரை எதிர்த்துக் கலகம் செய்த பிரபுக்களும் ஜூன் 19 அன்றுதான் சமாதானம் செய்துகொண்டார்கள். அதன் பிறகு பல பிரதிகள் எழுதி முத்திரையிட்டு அனுப்பப்பட்டன. இன்று எஞ்சியிருப்பவை நான்கு: பிரிட்டிஷ் நூலகத்தில் இரண்டு, லிங்கன் பேராலயத்தினுடையது ஒன்று, சாலிஸ்பரி பேராலயத்தினுடையது ஒன்று. நான்கில் ஒன்றில் மட்டுமே முத்திரை மிஞ்சியிருக்கிறது. அதுவும் 1731ல் நேர்ந்த தீ விபத்தில் உருகி, உருவம் தெரியாத மெழுகுக் கட்டியாகிவிட்டது. கட்டுரையில் சொல்லும் ‘63 பிரிவுகள்’ என்ற எண்ணும் அந்த ஏடுகளில் இல்லை. இடைவெளியே இல்லாமல் ஒரே மூச்சில் எழுதிய உரை அது. எண் போட்டுப் பிரித்தது 18ஆம் நூற்றாண்டுக்காரர்கள்.

‘பதினேழாம் ஆண்டு’ என்றோம். ஜானின் ஆவணங்களுக்குத் தேதி சொல்பவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. உங்கள் கட்டுரையில் உள்ள காலவரிசைப் பெட்டியும் இங்கேதான் சறுக்கியிருக்கிறது. ஜான் முடிசூடியது 1199 மே 27. அன்று இயேசு விண்ணேற்றப் பெருவிழா. செயலகம் அவருடைய ஆட்சி ஆண்டை மே 27 முதல் எண்ணவில்லை, ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பெருவிழா நாளில் தொடங்கியே எண்ணியது. ஈஸ்டரை ஒட்டி வரும் விழா என்பதால் அது ஆண்டுக்கு ஆண்டு நகரும். அதனால் அவருடைய ஆட்சி ஆண்டுகள் ஒரே நீளத்தில் இல்லை. இரண்டாம் ஆண்டு 1200 மே 18ல் தொடங்கி 1201 மே 2ல் முடிகிறது. அந்த ஆண்டில் மே 10 என்ற நாளே கிடையாது. மூன்றாம் ஆண்டு 1201 மே 3ல் தொடங்கி 1202 மே 22 வரை போகிறது; அதில் மே 10 இரண்டு தடவை வருகிறது. ‘மூன்றாம் ஆண்டு மே 10’ என்றிருக்கும் ஆவணத்தை, மன்னர் அன்று எந்த ஊரில் இருந்தார் என்று பார்த்துத்தான் ஆண்டு பிரிக்க வேண்டும். 1199உடன் ஆட்சி ஆண்டின் எண்ணைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் போதும் என்று நினைப்பவர்களுக்குப் பல தேதிகள் ஓராண்டு தள்ளிப்போகின்றன. பதினேழாம் ஆண்டு தொடங்கியது 1215 மே 28. ஆகவே சாசனத்தின் தேதியில் சிக்கல் இல்லை.

இனி, பிரபுக்கள் ஏன் வாளெடுத்தார்கள் என்ற விஷயம். கட்டுரை ஜானின் ‘கொடூர குணம்’ என்ற ஒரே சொல்லில் இதை முடித்துவிட்டது. கொடூரம் இருந்தது, மறுக்கவில்லை. அண்ணன் மகன் ஆர்தரை 1202 ஆகஸ்ட் 1 அன்று மிரபோ கோட்டையில் பிடித்தார். அடுத்த ஆண்டோடு அந்த இளைஞர் ஆவணங்களிலிருந்து மறைந்துபோனார். வில்லியம் டி பிரயோஸ் என்ற பிரபுவின் மனைவி மட்டில்டாவும் மகனும் 1210ல் மன்னரின் சிறையில் பட்டினியால் செத்தார்கள். ஆனால் அந்த பிரயோஸ் குடும்பத்தின் கதையே ஒரு கடன் கணக்கில் தொடங்குகிறது. அயர்லாந்தின் லிமரிக் பகுதிக்காக வில்லியம் 1201ல் 5,000 மார்க் தருவதாக ஒப்புக்கொண்டார். ஆண்டுகள் பல போயும் கட்டியது சொற்பம். மன்னர் விரும்பும்வரை பாக்கி பாக்கியாகவே கிடக்கும். மன்னரின் மனம் மாறிய அன்று முழுக் கடனும் ஒரே நாளில் கழுத்தை நெரிக்கும். ஜானின் ஆட்சி நடந்த விதம் இது.

கணக்கை விளக்காமல் இந்தச் சாசனத்தை விளக்க முடியாது. ஒரு பவுண்டு 20 ஷில்லிங், அதாவது 240 பென்னி. மார்க் என்பது நாணயம் அல்ல, கணக்கில் மட்டும் வாழ்ந்த அளவு: 160 பென்னி, பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. புழக்கத்தில் இருந்த நாணயம் வெள்ளிப் பென்னி ஒன்றுதான். மன்னரிடம் நிலம் பெற்ற பிரபு, அந்த நிலத்துக்கு இத்தனை குதிரை வீரர்கள் என்று படைக்கு அனுப்பக் கடமைப்பட்டவர். வீரருக்குப் பதில் பணமாகக் கட்டினால் அது கேடயப் பணம். 1214 போருக்கு ஜான் கேட்ட விகிதம் ஒரு வீரருக்கு 3 மார்க். முப்பது வீரர் கடமையுள்ள பிரபுவுக்கு 90 மார்க், அதாவது 60 பவுண்டு. பெரும்பாரம்தான், ஆனால் ஒரு தடவை என்றால் பொறுத்திருப்பார்கள். ஜான் தம் 17 ஆண்டு ஆட்சியில் இதை 11 தடவை விதித்தார். அவருடைய தந்தை இரண்டாம் ஹென்றியும் அண்ணன் ரிச்சர்டும் சேர்ந்து ஆண்ட 45 ஆண்டில் விதித்தவை அந்த எண்ணிக்கையைத் தாண்டவில்லை.

வாரிசு கட்டணத்தில் நடந்தது இதைவிட மோசம். தந்தையின் நிலம் மகனுக்கு வர மன்னருக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். எவ்வளவு என்று வரையறை இல்லை, மன்னர் சொன்னதுதான். நிக்கோலஸ் டி ஸ்டுட்வில்லிடம் 10,000 மார்க் கேட்டார்கள். அது 6,666 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்னி. ஜெஃப்ரி டி மாண்டவில் 1214ல் ஒரு திருமணத்துக்காக 20,000 மார்க் கடன்பட்டார். மணப்பெண் மன்னரே முன்பு மணந்து விலக்கிய குளோஸ்டர் இசபெல்லா. இருவருமே பிறகு கலகக்காரர் பக்கம் சேர்ந்ததில் வியப்பு உண்டா? சாசனத்தின் 2ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள்: பிரபுவின் வாரிசு கட்ட வேண்டியது 100 பவுண்டு, குதிரை வீரரின் வாரிசு 100 ஷில்லிங், அதற்கு மேல் கூடாது. ஸ்டுட்வில்லிடம் கேட்டது இதற்கு அறுபத்தாறு மடங்கு. கேடயப் பணத்துக்கும் 12ஆம் பிரிவில் பூட்டுப் போட்டார்கள்: நாட்டின் பொது ஆலோசனை இல்லாமல் விதிக்கக் கூடாது. அந்த ஆலோசனைக்கு யாரை எப்படி அழைப்பது, எத்தனை நாள் முன்னதாக அழைப்பது என்பது 14ஆம் பிரிவு: குறைந்தது 40 நாள்.

ஜானின் பக்கம் ஒரு நியாயமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். அவர் காலத்தில் விலைவாசி தாறுமாறாக ஏறியது. தந்தை காலத்தில் நாளுக்கு 8 பென்னிக்குக் கிடைத்த குதிரை வீரருக்கு ஜான் 24 பென்னி தர வேண்டியிருந்தது. 1204ல், பிரான்ஸில் அவர் ஆண்டுவந்த நார்மண்டி பிரெஞ்சு மன்னர் பிலிப்பின் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த வருமானம் நின்றது, ஆனால் இழந்ததை மீட்க வேண்டிய செலவு கூடியது. இழந்ததை மீட்கத்தான் பத்தாண்டு பணம் சேர்த்தார். அந்தப் பணம் முழுவதும் 1214 போரில் போனது. ஜூலை 27 அன்று வட பிரான்ஸின் பூவீனில் அவருடைய கூட்டணிப் படை தோற்றது. வென்றிருந்தால் ரன்னிமீட் நடந்திருக்காது என்பது எங்கள் துணிபு. தோற்றுத் திரும்பியவர் அந்தப் போருக்கான கேடயப் பணத்தை வசூலிக்கப் பார்த்தார். கடல் கடந்து போரிட எங்களுக்குக் கடமையே இல்லை என்று வடபகுதிப் பிரபுக்கள் கைவிரித்தார்கள். 1215 மே 17ல் லண்டன் நகரம் அவர்கள் வசமானது. அதன் பிறகு மன்னருக்குப் பேச்சுவார்த்தையை விட்டால் வேறு வழி இல்லை.

‘மக்களுக்கு உரிமை’ என்ற சொல்லைப் பார்ப்போம். 39ஆம் பிரிவு புகழ்பெற்றது: எந்தச் சுதந்திர மனிதரையும் அவருக்கு ஒத்த நிலையினரின் தீர்ப்போ நாட்டின் சட்டமோ இல்லாமல் சிறைப்படுத்தவோ உடைமையைப் பறிக்கவோ கூடாது. இதில் உயிரான சொல் ‘சுதந்திர மனிதர்’. அன்றைய இங்கிலாந்தில் உழுத குடியானவர்களில் பெரும்பகுதியினர் பண்ணையாட்கள். நிலத்தோடு சேர்த்துக் கைமாறியவர்கள். இந்தப் பிரிவு அவர்களைத் தொடவே இல்லை. 20ஆம் பிரிவில் மட்டும் ஒரு வரி உண்டு: பண்ணையாளுக்கு அபராதம் விதித்தாலும் அவருடைய உழவுக்குரியதை விட்டுவைக்க வேண்டும். அதையும் 1217 மறுவெளியீட்டில் ‘நம்முடையவர் அல்லாத பண்ணையாள்’ என்று திருத்தினார்கள். பிரபுவின் பண்ணையாளை மன்னர் மொட்டையடித்துவிடக் கூடாது என்பதே நோக்கம். பிரபுவின் சொத்துக்குத்தான் அந்தக் காப்பு.

மற்றபடி இந்தச் சாசனம் அன்றாடச் சச்சரவுகளின் பட்டியல். தேம்ஸ், மெட்வே ஆறுகளில் படகுப் போக்கை மறித்த மீன்பிடித் தடுப்புகளை அகற்ற ஒரு பிரிவு. நாடெங்கும் மதுவுக்கும் தானியத்துக்கும் ஒரே அளவை வேண்டும், சாயத் துணி கரைக்குக் கரை இரண்டு முழக்கோல் அகலம் இருக்க வேண்டும் என்று ஒரு பிரிவு. பதவியிலிருந்து நீக்க வேண்டிய வெளிநாட்டு அலுவலர்களைப் பெயர் சொல்லியே ஒரு பிரிவு. இதைச் சொன்னால் சாசனத்தின் பெருமை குறையுமென்று நாங்கள் நினைக்கவில்லை. அவரவர் பட்ட தொல்லையை எழுத்தில் வைத்து மன்னரைக் கட்டிப்போட முயன்றார்கள் என்பதே பெரிய செய்தி.

முயற்சி தோற்றது 61ஆம் பிரிவால். மன்னர் சொல் தவறினால் 25 பிரபுக்கள் கொண்ட குழு முறையிடும். 40 நாளில் சரிசெய்யாவிட்டால் அவருடைய கோட்டைகளையும் நிலங்களையும் கைப்பற்றலாம், ஆனால் மன்னர், அரசி, பிள்ளைகள் உடலுக்குத் தீங்கு செய்யக் கூடாது. இருபத்தைந்து பேரும் கலகப் பக்கத்தவர்கள், நடுநிலையாளர் ஒருவர்கூட இல்லை. தம் எதிரிகளிடமே தம் கோட்டைச் சாவியைக் கொடுக்கச் சொன்னால் எந்த மன்னர் ஏற்பார்? அந்தப் பக்கமும் யோக்கியமாக நடக்கவில்லை; லண்டனை ஆகஸ்ட் 15க்குள் திருப்பித் தரவில்லை. ஜான் 1213லேயே நாட்டைப் போப்புக்குக் காணிக்கையாக்கி, ஆண்டுக்கு 1,000 மார்க் கப்பமாகக் கட்ட ஒப்புக்கொண்டிருந்தார். அதனால் போப் மூன்றாம் இன்னொசென்ட்தான் அவருக்கு மேல் அதிபதி. மிரட்டி வாங்கிய சாசனம் செல்லாது என்று போப் 1215 ஆகஸ்ட் 24 அன்று ரத்துசெய்தார். ஜூன் 15 முதல் எண்ணினால் சரியாக எழுபது நாள். ஜான் வழங்கியதாக நீங்கள் எழுதிய சாசனத்தின் ஆயுள் பத்தே வாரம்.

அடுத்து உள்நாட்டுப் போர். கலகக்காரர் பிடித்துவைத்திருந்த ராச்செஸ்டர் கோட்டையை ஜான் அக்டோபரில் முற்றுகையிட்டார். கல்லெறி பொறிகளால் கோபுரம் அசையாததால் சுரங்கம் வெட்டச் சொன்னார். மூலைக் கோபுரத்தின் அடித்தளத்துக்குக் கீழே தோண்டத் தோண்ட, மேலே உள்ள கல் சரியாமல் மரத்தூண்களை முட்டுக் கொடுத்துக்கொண்டே போவார்கள். தோண்டி முடிந்ததும் அந்தத் தூண்கள் வேகமாகவும் ஒரே சமயத்திலும் எரிய வேண்டும். ஒவ்வொன்றாக எரிந்தால் கட்டடம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி உட்கார்ந்துவிடும், இடியாது. அதற்குக் கொழுப்பு வேண்டும். நவம்பர் 25 தேதியிட்ட மன்னரின் ஆணை அரசுச் சுருள்களில் அப்படியே இருக்கிறது: தின்ன அவ்வளவு ஏற்காத, நன்கு கொழுத்த 40 பன்றிகளை இரவு பகல் பாராமல் அனுப்பு, கோபுரத்தின் அடியில் தீ மூட்ட வேண்டும். உங்கள் கட்டுரை சொல்வதுபோல் உயிருள்ள பன்றிகளைக் கொளுத்திச் சுரங்கத்துக்குள் ஓடவிடவில்லை. அந்த மூலை இடிந்தது. உள்ளே இருந்தவர்கள் கோபுரத்தின் நடுச்சுவருக்குப் பின்னால் ஒதுங்கிப் போராடி, கடைசியில் பசியால் நவம்பர் 30 அன்று பணிந்தார்கள்.

கடைசி நாட்களைப் பற்றிக் கட்டுரையில் உள்ள புதையல் கதையை அப்படியே நம்ப வேண்டாம். 1216 அக்டோபர் 12 வாக்கில் வாஷ் கழிமுகத்தைக் கடந்த மன்னரின் சுமைவண்டிகள் அலையேற்றத்திலும் புதைமணலிலும் சிக்கியது உண்மை. அரச கருவூலம் முழுவதும் போயிற்று என்பது, பல ஆண்டு கழித்து எழுதிய செயின்ட் ஆல்பன்ஸ் துறவி ரோஜர் ஆஃப் வென்டோவரின் கூற்று. நெருங்கிய காலத்தில் எழுதிய ரால்ஃப் ஆஃப் காகஷால் சொல்லும் இழப்பு அதைவிடச் சிறியது. ஏற்கெனவே வயிற்றுக்கடுப்பால் அவதிப்பட்ட ஜான், அக்டோபர் 18ஆம் நாள் இரவு நியூவார்க் கோட்டையில் இறந்தார். உடல் வூஸ்டர் பேராலயத்தில் இருக்கிறது. ராபின் ஹூட் கதையில் ஜானை வில்லனாகக் காட்டுவதும் பிற்காலச் சேர்க்கை. பழைய பாடல்களில் வரும் மன்னர் பெயர் எட்வர்ட். கதையை ஜான் காலத்துக்கு நகர்த்தியது 16ஆம் நூற்றாண்டு.

சாசனம் உயிர் பிழைத்தது ஜான் இறந்ததால். ஒன்பது வயது மகன் மூன்றாம் ஹென்றிக்கு அக்டோபர் 28ல் குளோஸ்டரில் முடிசூட்டினார்கள். லண்டன், கலகக்காரர் அழைத்துவந்த பிரெஞ்சு இளவரசர் லூயியின் கையில் இருந்தது, பிரபுக்களில் பலர் அவர் பக்கம். அவர்களைத் திருப்ப, பிரதிநிதி ஆட்சியாளர் வில்லியம் மார்ஷல் நவம்பர் 12 அன்று சாசனத்தை மன்னர் தரப்பிலிருந்தே மறுபடி வெளியிட்டார். சிறுவனுக்கு இன்னும் முத்திரை செய்யவில்லை. மார்ஷலும் போப்பின் தூதர் குவாலாவும் தங்கள் முத்திரைகளை இட்டார்கள். 12, 14, 61 ஆகிய மூன்று பிரிவுகளும் அதில் இல்லை. 1217ல் அரச காடுகளைப் பற்றிய பிரிவுகள் வனச் சாசனம் என்று சிறிய ஒன்றாகத் தனியே பிரிந்தன. அதிலிருந்து வேறுபடுத்தத்தான் இதை ‘பெரிய’ சாசனம் என்று அழைக்கத் தொடங்கினார்கள். ஜான் அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை. 1225 பிப்ரவரி 11 அன்று ஹென்றி தம் சொந்த முத்திரையோடு, ‘மனமுவந்து’ என்ற சொல்லையும் சேர்த்து வெளியிட்டார். அதற்கு ஈடாக நாடு தன் அசையும் சொத்தில் பதினைந்தில் ஒரு பங்கை வரியாகத் தந்தது. மிரட்டி வாங்கியது என்று இனி எந்தப் போப்பும் சொல்ல முடியாது, விலை கொடுத்தாகிவிட்டது. அந்த உரையைத்தான் முதலாம் எட்வர்ட் 1297ல் சட்டச் சுருளில் ஏற்றினார். ஜானின் 39, 40ஆம் பிரிவுகள் அதில் 29 என்ற ஒரே பிரிவாக இணைந்து இன்றும் ஆங்கிலச் சட்டத்தில் நீடிக்கின்றன.

திருத்தம் வெளியிட இடம் குறைவென்றால் இவ்வளவு போதும்: ‘ஜான் மன்னர் 1215ல் மாக்னா கார்ட்டாவுக்கு முத்திரையிட்டு ஒப்புதல் அளித்தார்; அது பத்து வாரத்தில் ரத்தானது; இன்று சட்டமாக இருப்பது அவர் மகன் 1225ல் வெளியிட்ட வடிவம்.’ இணையப் பதிப்பில் அந்த இறகுப் பேனா ஓவியத்தையும் மாற்றுங்கள். ராச்செஸ்டர் கோபுரத்தின் படம் எளிதில் கிடைக்கும். மூன்று மூலைகள் சதுரமாக இருக்கும். ஜான் இடித்த தென்கிழக்கு மூலை மட்டும், ஹென்றி காலத்தில் திரும்பக் கட்டியது, உருண்டையாக இருக்கும்.

இப்படிக்கு,
இங்கிலாந்து வரலாறு படிக்கும் வாசகர்கள்